ஆணியைத் தொடும் முன்

எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. கப்பலில் இருப்பவரிடம் கரையின் கஷ்டம் எதையும் சொல்லக் கூடாது. அப்பா சரக்குக் கப்பலில் இன்ஜினியர். எட்டு மாதம் கடலில் இருப்பார், அப்புறம் இரண்டு மூன்று மாதம் வீட்டில் இருப்பார். முத்தையாபுரத்தில் எங்கள் தெருவிலேயே கப்பலுக்குப் போகிறவர்களின் வீடுகள் இன்னும் சில உண்டு. எல்லா வீட்டிலும் இதே சட்டம்தான். எனக்குக் காய்ச்சல் அடித்தாலும் போனில் "நல்லா இருக்கேம்ப்பா" என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர் மோட்டார் புகைந்து நின்றுபோன வாரத்தில்கூட, தண்ணீர் நன்றாக வருகிறது என்றுதான் அம்மா அவரிடம் சொன்னாள். நடுக்கடலில் இருக்கிற மனுஷன் இதைக் கேட்டு என்ன செய்வார், தூக்கம்தான் கெடும் என்பது அவள் கட்சி.

நானோ சர்ச்சின் ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவள். பொய் சொல்லுகிறவர்களுக்குக் கடைசியில் என்ன நேரும் என்று எனக்கு விவரமாகத் தெரியும். வகுப்பில் யாராவது பொய் சொன்னால் எழுந்து நின்று டீச்சரிடம் சொல்லிவிடுவேன். அதனால் எனக்குச் சிநேகிதிகள் குறைவு. ஆனாலும் போனில் அப்பாவிடம் சொன்ன எதையும் நான் பொய்க் கணக்கில் சேர்த்ததில்லை. அது வேறு இலாகா.

அம்மா ஏரல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நானும் அங்கேதான் படித்தேன். தினமும் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போய் வருவாள். வழி நெடுக உப்பளம். உப்பு லாரிகள் ஓடுகிற சாலையில் ஆணி, கம்பித் துண்டு என்று எது வேண்டுமானாலும் கிடக்கும். முதல் தடவை பஞ்சர் ஆனபோது, பஞ்சர் கடைக்காரர் வந்து சேரும்வரை வெயிலில் நின்று நான் அழுதேன். அன்று சாயங்காலமே அம்மா போனில் வீடியோ பார்த்து, ஒட்டுகிற சாமான்கள் அடங்கிய ஒரு சின்னப் பையை வரவழைக்க ஏற்பாடு செய்துவிட்டாள். அடுத்த இரண்டு தடவையும் அவளேதான் ஒட்டினாள். டியூப் இல்லாத டயர் என்பதால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். ஆணியைப் பிடுங்கிவிட்டு, முறுக்கு முறுக்காக இருக்கும் ஊசியை அந்தத் துளைக்குள் விட்டு நன்றாகக் குடைய வேண்டும். பிறகு பிசுபிசுப்பான ரப்பர் திரியைக் காது வைத்த இன்னொரு ஊசியில் கோத்து, பசை தடவி உள்ளே குத்தி, ஊசியை மட்டும் வெடுக்கென்று உருவிவிட வேண்டும். திரி துளையை அடைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். அப்புறம் காரிலேயே சொருகுகிற சின்ன கம்ப்ரஸரால் காற்றடித்துக்கொள்ளலாம்.

இதில் அம்மா தானாகவே ஒரு விதி வைத்திருந்தாள். திரியைக் கோத்து வைத்துவிட்டுத்தான் ஆணியைத் தொட வேண்டும். ஆணி இருக்கிறவரை காற்று மெதுவாகத்தான் போகும். பிடுங்கிவிட்டால் நமக்காகக் காத்திருக்காது. நான் இதை வசனத்தோடு வசனமாக மனப்பாடம் செய்திருந்தேன். ஊசியின் கைப்பிடியை அழுத்தி அழுத்தி அவளுடைய வலது உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாகிவிட்டிருந்தது. இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. சட்டப்படி தெரியவும் கூடாது.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் அப்பா லீவில் வந்திருந்தபோது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் அவரை மேற்பார்வை வேலைக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கப்பல் கம்பெனியும் அடுத்த கப்பலுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் கரையிலேயே இருந்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் ராத்திரி ஜெபம் முடிந்து நான் ஆமென் சொன்ன பிறகும் அவள் கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவோ வீட்டுக்குள் வேலை தேடி அலைந்தார். குழாயைத் திருகிப் பார்த்தார், ஒழுகவில்லை. ஃபேனைக் கழற்றினார், அது ஏற்கனவே துடைத்துச் சுத்தமாக இருந்தது. கேஸ் பதிவு செய்யலாம் என்று போனை எடுத்தால் வாசலில் சிலிண்டர் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நான் இல்லாமலே எல்லாம் ஜோரா நடக்கு. இங்கன உக்காந்து நான் என்ன செய்யப் போறேன்?"

அம்மா கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். குழம்பு ஆறுகிறது என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

மறுநாள் நாசரேத்தில் அத்தையின் புது வீட்டுப் பிரதிஷ்டை. அத்தை அப்பாவின் தங்கை. பதினொரு மணிக்கு ஜெபம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காரை எடுத்தார். கடலில் ஆடுமாடு குறுக்கே வராது என்பதால், சாலையோரம் ஒரு ஆடு தலையைத் தூக்கினாலும் வண்டியை நிறுத்தினார். தினமும் அதே சாலையில் பறக்கிற அம்மா, பட்டுப்புடவையில் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள்.

முள்ளக்காடு தாண்டி இரண்டு பக்கமும் உப்பளமாக வந்த இடத்தில் வண்டி இடதுபுறமாக இழுக்க ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரம் பாதி இறங்கியிருந்தது. ஆணியின் தலை பளபளவென்று தெரிந்தது. அப்பா ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தார், அதில் காற்றே இல்லை, வால்வும் உடைந்திருந்தது. டிக்கியைக் குடைந்ததில் அந்தச் சின்னப் பை அவர் கையில் சிக்கியது.

"ஏளா, இது என்னது?"

"வண்டியோட குடுத்தது போல" என்றாள் அம்மா.

நான் திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். பார்க்கிறவர்களுக்குப் பிரியமாகப் பிடித்திருப்பதாகத்தான் தெரியும். நகம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

"ஒனக்கு இதப் போடத் தெரியுமா?"

"எனக்கு எங்கங்க தெரியும்? நீங்கதான இன்ஜினியர்."

நான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். இது போன் அல்ல. ஆள் எதிரே நிற்கிறார். நடுக்கடலும் அல்ல. சட்டத்தில் இதற்கு இடமே இல்லை.

அப்பா முழங்காலிட்டு, வேறு ஆணி இருக்கிறதா என்று டயரைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. அம்மா முன்பு ஒட்டிய இரண்டு இடங்களும் அங்கேதான் அடுத்தடுத்து இருந்தன. கட்டைவிரலால் அவற்றைத் தேய்த்துப் பார்த்தார்.

"இது யாரு போட்டது?"

"பஞ்சர் கடை அண்ணாச்சி."

"நல்ல கை. நுனிய எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்காரு, பாரு."

அம்மா திரும்பி உப்பளத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். உப்பு அம்பாரத்தில் பார்ப்பதற்கு அப்படி என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று விரல் மடக்கியாகிவிட்டது.

அப்பா பிளையரை எடுத்தார். திரியைக் கோக்கவில்லை. பசைக் குப்பியைத் திறக்கவில்லை. நேரே ஆணியைப் பிடித்து இழுத்துவிட்டார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது, வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்தது. நான் ஐயோ என்று கத்தியதற்கு, வண்டியில் இருந்து தண்ணீர் எடுத்து வா என்று அம்மா என்னை அனுப்பிவிட்டாள்.

முறுக்கு ஊசியை அவர் வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். கப்பலின் இன்ஜின் அறையில் கசிகிற துளையை எப்படியாவது சின்னதாக்க வேண்டும், அதுதான் அவர் பிழைப்பு. "ஓட்டைய யாராவது பெருசாக்குவாங்களா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, நோகாமல் இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்துவிட்டார். திரி எப்படி உள்ளே போகும்? போகவில்லை. முழுபலத்தையும் கொடுத்து அழுத்தியதில் திரி வால்கூடத் தெரியாமல் டயருக்குள் விழுந்துவிட்டது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அஞ்சுன்னு போட்டிருக்கான், இன்னும் ரெண்டுதான் இருக்கு?"

"கொறச்சுக் குடுத்துட்டான் போல."

நான்காவது விரலும் மடங்கியது. இதற்குள் அத்தை இரண்டு முறை போன் செய்துவிட்டார். சர்ச்சிலிருந்து ஐயர் வந்துவிட்டாராம், குடும்பத்து மூத்தவர் வராமல் ஜெபத்தை ஆரம்பிக்க முடியாதாம். அப்பாவின் வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கறுப்பாகக் கை பதிந்திருந்தது. அம்மா அவர் பக்கத்தில் குனிந்து, ஒன்றும் தெரியாதவள் குரலில் கேட்டாள்.

"ஏங்க, அதக் கொஞ்சம் நல்லாக் குடைஞ்சா சுளுவாப் போகுமோ?"

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு நன்றாகக் குடைந்தார். இந்தத் தடவை திரி போனது. ஆனால் ஊசியை மெல்ல மெல்ல உருவியதில் திரியும் கூடவே வெளியே வந்து, மண்ணில் விழுந்து, உபயோகம் இல்லாமல் போயிற்று. இனி இருப்பது ஒன்றுதான்.

"ஒரே இழுப்பா இழுத்துப் பாக்கீங்களா?"

அவர் ஒரே இழுப்பாக இழுத்தார். திரி நின்றது. இரண்டு நுனியும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து அம்மா கைதட்டினாள். உண்மையான சந்தோஷம் அது. அந்த முகத்தில் பொய் இல்லை என்பதை நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பா நுனியை வெட்டி, காற்றடித்து, எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார். குமிழி வரவில்லை.

கையைக் கழுவ அம்மா தண்ணீர் ஊற்றினாள். பிறகு அவர் பாட்டிலை வாங்கி அவள் கையில் ஊற்றினார். ஊற்றியவர் பாதியில் நிறுத்திவிட்டு அவள் உள்ளங்கையைப் பார்த்தார்.

"இது என்ன தழும்பு?"

"தேங்கா திருவுனதுங்க."

எங்கள் வீட்டில் தேங்காயைக் கீறி மிக்சியில் போடுவதுதான் வழக்கம். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு மிச்சத் தண்ணீரையும் ஊற்றினார். ஐந்து விரலும் மடங்கிவிட்டதால் நான் முஷ்டியோடுதான் காரில் ஏறினேன்.

நாசரேத்தில் எல்லோரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அப்பா பந்தியில் உட்கார்ந்து பஞ்சர் கதையை விஸ்தாரமாகச் சொன்னார். அம்மா முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் புது வீட்டு ஜெபத்தில் வீட்டை விட்டுவிட்டு, அம்மாவின் ஐந்து பொய்களுக்காக வேண்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அப்பா பட்டறைக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். கப்பல் கம்பெனிக்குச் சரி என்றார். ஏன் என்று அம்மா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெட்டிக்கான சட்டைகளை அவள் தேய்த்து அடுக்கினாள். அவள் கண் சிவந்திருந்தது. எனக்கு அப்பா மேல் பொல்லாத கோபம். சக்கரத்தைச் சரிசெய்யத் தெரிந்துகொண்ட பிறகும் போகிறாரே என்று கோபம்.

கிளம்புகிற அன்று அவர் ஸ்டெப்னிக்குப் புது வால்வு போட்டு, காற்றடித்துக் கொண்டுவந்து வைத்தார். டிக்கியில் புதிதாக ஒரு பையையும் வைத்து, அது அங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

அவர் போய் இரண்டு மாதம் கழித்து, பள்ளிவிட்டு வரும்போது பழையகாயல் பக்கத்தில் மறுபடியும் பஞ்சர். அம்மா புதுப் பையைத் திறந்தாள். கனமான இரும்புப் பிடி போட்ட ஊசிகள் இருந்தன. திரிப் பாக்கெட்டுகள் நிறைய இருந்தன. பையின் அடியில், உள்ளங்கைப் பக்கம் தோல் வைத்துத் தைத்த கையுறை ஒரு ஜோடி. நான் ஓடிப்போய் எடுத்துப் போட்டுப் பார்த்தேன், எனக்குத் தொளதொளவென்று இருந்தது. அப்பா கைக்கோ அது பாதிதான் ஏறும். கடைக்காரர் அளவு மாற்றிக் கொடுத்து அப்பாவை ஏமாற்றிவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா என்னிடமிருந்து அதை வாங்கி மாட்டிக்கொண்டாள். கச்சிதமாக இருந்தது. மாட்டிக்கொண்டு டயர் முன்னால் குந்தியவள் ஒன்றுமே செய்யவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வெயில் சுட்டது. நாளாகிவிட்டதால் எப்படி ஒட்டுவது என்பதே அவளுக்கு மறந்துபோய்விட்டது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாகச் சொல்லிக் கொடுத்தேன்.

"மொதல்ல திரியக் கோக்கணும்மா. அதுக்கப்புறந்தான் ஆணியத் தொடணும்."