எல்லோரிடமும் தப்பித்த மூடி

பல்கலைக்கழகத்தில் இண்டஸ்ட்ரியல் டிசைன், அதாவது பொருள்களை வடிவமைக்கும் படிப்பில் சேர்ந்தபோது, படித்து முடித்ததும் உலகமே நான் வரைந்த காரில்தான் போகும் என்று நினைத்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"அப்போ நீ இன்ஜினியரா?"

"இல்லப்பா."

"ஓவியரா?"

"அதுவும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுல உக்கார நாற்காலி போட்டிருக்காங்களா?"

கடைசி வருஷம் நான் செய்த வெந்நீர்க் கெட்டிலுக்குப் பரிசு கிடைத்தது. அதிலிருந்து வெந்நீரை ஊற்றினால் ஆவி நேராகக் கையில் அடிக்கும். 'துணிச்சலான வடிவம்' என்று நடுவர் எழுதியிருந்தார். துணிச்சல் ஊற்றுகிறவருக்கும் வேண்டும் என்பதை நாகரிகம் கருதி விட்டுவிட்டார்.

கூடப் படித்தவர்களில் ஒருத்தி ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் இடத்துக்குப் போனாள். ஒருவன் செல்போன் உறை வடிவமைக்கப் போனான். நான் பதினோரு கார் கம்பெனிகளுக்கு எழுதினேன். பத்து பேர் பதிலே போடவில்லை. பதினோராவது கம்பெனி ஒரே மறுப்பை இரண்டு முறை அனுப்பியது, எனக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று. கடைசியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்று நேர்முகத்துக்குக் கூப்பிட்டது.

"மூடி பிடிக்குமா?" என்று மேலாளர் கேட்டார்.

"சின்ன வயசுலேருந்தே, சார்" என்றேன், வாய் கூசாமல்.

முதல் தனி வேலையாக, குழந்தைகள் திறக்க முடியாத மருந்து பாட்டில் மூடியை வடிவமைக்கச் சொன்னார்கள். ஆறு மாதம் உயிரைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே திருக வேண்டும். ஓரத்தில் பிடிப்புக்கு வரிகள் இருந்தால் அழகு கெட்டுவிடும் என்று கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கினேன்.

சோதனை நாள் வந்தது. காலையில் குழந்தைகள். கடித்தார்கள், தரையில் அடித்தார்கள், ஒரு குட்டி அதன் மேல் ஏறி உட்கார்ந்தே பார்த்தாள். மூடி அசையவில்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மதியம் பெரியவர்கள். அவர்களால் திறக்க முடிந்தால்தான் மூடி பாஸ். பதினான்கு பேரில் இரண்டு பேர்தான் திறந்தார்கள். தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, விரல் முட்டிகள் வீங்கியிருந்த கையால் இரண்டு நிமிஷம் போராடிவிட்டு பாட்டிலை மேசையில் வைத்தார்.

"ஏம்மா, இத யாரு செஞ்சது?"

"ஒரு குழு, அம்மா" என்றேன். அந்தக் குழுவில் நான் ஒருத்திதான்.

"வீட்ல என்ன பண்றேன் தெரியுமா? இந்த மாதிரி மூடின்னா பக்கத்து வீட்டுக்காரர் திறந்து குடுப்பாரு. அப்புறம் நான் மூடவே மாட்டேன். மாத்திரை தீர்ற வரைக்கும் திறந்தேதான் கிடக்கும். பேத்தி அங்கதான் விளையாடுறா."

குழந்தையைக் காப்பாற்ற நான் செய்த மூடி, குழந்தைக்கு எதிரில் திறந்து கிடக்கப்போகிறது.

"அம்மா, குழுன்னு சொன்னேனே, அது நான்தான்."

"தெரியும். மூஞ்சிலதான் எழுதி ஒட்டியிருக்கே. ஒரு நாள் வீட்டுக்கு வந்து பாரு."

அடுத்த வாரமே போனேன். சமையலறையில் அவர் ஒரு ஜாடியைத் திறந்தார். விரலை நம்பவே இல்லை. ஈரத்துணியை மேலே போட்டு, உள்ளங்கையால் அழுத்தி, முழங்கையோடு சேர்த்துத் திருகினார். படிப்பில் யாரும் காட்டாத ஒன்றை நின்று பார்த்தேன். யாரும் காட்டவில்லை என்பதும் பொய்தான். முதல் வருஷமே 'பயன்படுத்துகிறவரைக் கவனி' என்று ஒரு பாடம் இருந்தது. அந்த வகுப்பு முழுக்க நான் கார் வரைந்துகொண்டிருந்தேன்.

"மறுபடியுமா?" என்று மூடிக்கு அச்சு செய்து தரும் பட்டறைக்காரர் தலையில் கை வைத்தார். உள்ளங்கையால் அழுத்தித் திருகுகிற மாதிரி, ஓரத்தில் ஆழமான வரிகளோடு இரண்டாவது மூடி வந்தது. அதை நாலு வயசுப் பிள்ளை ஒன்று ஒரே நிமிஷத்தில் திறந்து, அன்போடு என்னிடமே கொண்டுவந்து கொடுத்தது. அழுத்தத்தைக் கூட்டி மூன்றாவது செய்தோம். குழந்தைகள் தோற்றார்கள். பெரியவர்களில் பதின்மூன்று பேர் திறந்தார்கள். மிச்சமிருந்தவர் கண்ணாடி எடுத்து வராததால் மூடி மேல் எழுதியிருந்ததைப் படிக்க முடியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினோம்.

தையற்கார அம்மா திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "பரவால்ல" என்றார். கெட்டிலுக்குக் கிடைத்த பரிசைவிட அந்த ஒரு சொல் எனக்குப் பெரிதாக இருந்தது.

மேலாளர் என்னைச் சோதனைப் பிரிவுக்கே மாற்றிவிட்டார். "நீ வரையறத விட கவனிக்கிறது நல்லா இருக்கு" என்றார். அது பாராட்டு என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

போன மாதம் ஒரு விருந்தில் அக்கா வீட்டுக்காரர் யாரிடமோ என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்தினார். "பெரிய வேலைல இருக்கா. மத்தவங்க திணறுறத உக்காந்து பாக்கணும்."

"அதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்றார் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"நாலு வருஷம்" என்றேன்.