திராட்சை இலையும் என் ஆடும்

எங்கள் மகளிர் குழுவுக்குக் கிரேக்கச் சமையல் சொல்லித்தந்தவர் கப்பலில் சமைத்தவராம். நெட்டையான ஆள். ருசி பார்த்ததும் காதைத் தடவுவார். நல்லாயிருக்கு என்று யாரிடமும் சொல்லமாட்டார். எப்படியாவது அவரைச் சொல்லவைக்க வேண்டுமென்று எனக்கு ஒரே ஆசை.

அன்று உப்பில் ஊறிய திராட்சை இலையில் அரிசியைச் சுருட்டி வேகவைத்தோம். நான் பூவரசிலைக் கொழுக்கட்டை தின்று வளர்ந்தவள். அந்தப் பழக்கத்தில் இலையை உரித்துப் பைக்குள் போட்டுவிட்டு, சோற்றை மட்டும் தின்றேன்.

"உப்பே இல்லையே தம்பி!"

"உப்பு இலையிலதான் ஆத்தா இருக்கு. அதோட சேத்துத் திங்கணும். எதுக்குப் பையில போட்டீங்க?"

"ஆட்டுக்குப்பா."

காதைத் தடவினார். "அடுத்த வாரம் ஆட்டை அனுப்புங்க ஆத்தா. அது நல்லாக் கத்துக்கிரும்."

அவர் வாயில் 'நல்லா' வந்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் ஆட்டுக்குப் போய்விட்டது. இலையை மட்டும் ஊர் திரும்பும் சித்தையன்கோட்டை பஸ்ஸிலேயே நான் தின்று தீர்த்துவிட்டேன்.