மகளின்ர கையில நிலம் துடைக்கிற துணி

போன வருசக் கோடை. ஸ்டுட்கார்ட்டில என்ர மகள் படிக்கிற கலைக்கல்லூரிக்கு, ஜப்பானில இருந்து ஒரு பேராசிரியை ரெண்டு கிழமை வகுப்பு எடுக்க வந்திருந்தா. பன்னிரண்டு பிள்ளையளுக்குத்தான் இடம். அதில ஒராளை அடுத்த செமெஸ்டருக்குத் தங்கட பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிறதா ஏற்பாடு. அந்த இடம் தனக்குக் கிடைக்கோணும் எண்டு மகள் நித்திரை கொள்ளாமல் திரிஞ்சாள்.

பேராசிரியையின்ரது நூறு வருசத்துக்கு மேல பழைய கலைப் பல்கலைக்கழகமாம். துவங்கின காலத்தில மேல்நாட்டு எண்ணெய் ஓவியத்தை உள்ள விடவே இல்லையாம், பிறகுதான் சேர்த்ததாம். மகள் சொல்லச் சொல்ல நான் ஓம் ஓம் எண்டு கேப்பன். இஞ்ச வகுப்பில முதல் கிழமை முழுக்க ஒரே சிலையின்ர தலையைக் கரியால படமாக் கீறினதுதான் படிப்பு. பிழைச்சா அழிக்கிறது சாப்பிடுற பாணால! நல்ல பாணை உருட்டி உருட்டி அழிக்கினம் எண்டதைக் கேட்கவே எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவையின்ர முறை எண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன்.

ஒரு நாள் பின்னேரம் போன் எடுத்தன். "பிறகு கதைக்கிறன் அம்மா, நிலம் துடைச்சுக்கொண்டு நிக்கிறன்" எண்டாள்.

எனக்கு உச்சியில ஏறிச்சுது. இருபத்தொரு வருசமா நான் இந்த ஊரில கந்தோர், ஒஃபிஸ் எண்டு துப்பரவாக்கிறன். எத்தினை பேர் குடிச்ச கோப்பிக் கப், எத்தினை பேரின்ர கக்கூஸ்! எனக்குக் காலமை வணக்கம் சொன்ன ஆக்களை விரல் விட்டு எண்ணலாம். இவள் அந்த வாளியைத் தொடக்கூடாது எண்டுதானே இவ்வளவு பாடும்? கறுத்தப் பிள்ளை எண்டு துடைக்க விட்டிட்டினம் எண்டே முடிவெடுத்திட்டன். வேலை உடுப்போடயே பஸ் ஏறினன்.

வகுப்புக் கதவைத் திறந்த உடன துவங்கிட்டன். தெரிஞ்ச டொச் பாஷை எல்லாம் வாயில வந்துது. "என்ர பிள்ளை படிக்க வந்தவள், உங்களுக்குக் கூட்டித் துடைக்க வரேல்லை!"

அப்பதான் பார்த்தன், பன்னிரண்டு பேரின்ர கையிலயும் துணி. தண்ணித்தொட்டிக்குக் கீழ முழங்காலில இருந்து துடைச்ச ஒரு நரைச்ச மனுசி எழும்பினா. அவதான் பேராசிரியை! "எங்கட இடத்தில கீறின ஆக்கள்தான் துப்பரவாக்கிறது. நானும் அப்பிடித்தான் படிச்சனான்" எண்டு டொச்சில நிறுத்தி நிறுத்திச் சொன்னா.

வெக்கமாப் போச்சுது. ஆனா ஏறின கோவம் எங்கயாவது இறங்கத்தானே வேணும்? "கரித்தூளை ஈரத்தால துடைச்சா அப்பிப் போகும், முதல் காய்ஞ்ச துணியால எடுக்கோணும், இதுகூடத் தெரியாதே?" எண்டு அதுக்கும் கத்தினன். அவ குனிஞ்சு வணங்கி, "காட்டுங்கோ" எண்டா. காட்டினன். எல்லாரும் அப்பிடியே செய்தினம்.

வீட்டுக்குத் திரும்பிற பஸ்ஸில மகள் என்ர முகத்தைப் பார்க்கேல்லை. இறங்கேக்கதான் கேட்டாள். "நீங்கள் செய்யிற வேலையை நான் செய்தா என்ன கேவலம் அம்மா?"

அந்த இடம் வேற பிள்ளைக்குப் போச்சுது. என்ர வாயாலதான் எண்டு நான் அழ, "அவளின்ர படம் என்ரயை விட நல்லம்" எண்டாள்.

இப்பவும் ஆரும் குடிச்ச கப்பை அப்பிடியே மேசையில விட்டிட்டுப் போனா எனக்குக் கோவம் வரும். ஆனா என்ர வேலையைக் கேவலமா நினைச்ச முதல் ஆள் நான்தான் எண்ட கோவம், அதைவிடப் பெரிசாக் கிடக்கு.