இறங்க முடியாத வண்டி

எங்கள் அக்கா தீர்த்தம்மாளுக்கு ஒரே ஒரு வியாதி. எந்த வண்டியில் ஏற்றினாலும் பாதி வழியில் இறங்கிவிடுவாள். எங்கள் ஊர் இண்டூரில் பஸ் ஏறினால் தர்மபுரி வருவதற்குள் நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும், கண்டக்டரின் சட்டையைப் பிடித்து நிறுத்தச் சொல்லுவாள். ரயிலும் அப்படித்தான். காட்டில் பாம்பை அடித்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக் கூழ் குடிக்கிறவள், பஸ் என்றால் பேயறைந்த மாதிரி ஆகிவிடுவாள். என்னத்தைச் சொல்ல.

ஊரே சிரித்தது. நானும்தான். அவள் மகள் சாலம்மாளைக் கோயமுத்தூர் மில்காரனுக்குக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதுதான் முறை; டாக்டர் அலையக் கூடாது என்றதால் அக்கா அங்கே போகவேண்டியதாயிற்று. புறப்பட்டவள் சேலத்தில் இறங்கித் திரும்பிவிட்டாள். அங்கே ஒண்டியாகப் பெற்ற மகளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதோடு சாலம்மாள் தாயிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று மருமகன் சொல்லியனுப்பினான். அக்கா இரண்டு ஆட்டை விற்றாள். பெங்களூரிலிருந்து கோயமுத்தூருக்குப் பிளேன் போகிறதாம், ஒரு மணி நேரம்தானாம், டிக்கெட் எடு என்றாள். அவள் புருசன் பச்சியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். கோயமுத்தூர் தெற்கே, பெங்களூர் வடக்கே. தெற்கே போகிறவள் அரை நாள் வடக்கே போய், அங்கிருந்து தெற்கே பறப்பாளாம். இந்தக் கூத்துக்குப் பெங்களூர் வரைக்கும் துணை, வேறு யார், நான்தான்.

கிருஷ்ணகிரியில் இறங்கினாள். அடுத்த பஸ்ஸில் ஏற்றினேன். ஓசூரில் இறங்கினாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இப்படி ஏத்தி வுடறதுக்கு, நேரா கோயமுத்தூருக்கே நான் கூட்டிப் போயிருப்பனே அக்கா?"

"நீ ஏத்தி வுட்டுக்கிட்டே இருப்ப, நான் எறங்கிக்கிட்டே இருப்பேன்டா. எங்கியாச்சும் ஒரு எடத்துல உனக்கும் டிமிக்கி குடுத்துட்டு வூட்டுக்கு ஓடிருவேன். நடுவானத்துல எறங்க முடியாதில்ல?"

மறுபடி அடுத்த பஸ்ஸில் ஏற்றிப் பெங்களூர் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பிளேன் படியில் பாதி ஏறியவள் திரும்பிப் பார்த்து ஒரு படி கீழே வைத்தாள். தொலைந்தது, ஆடு போனதுதான் மிச்சம் என்று நினைத்தேன். நல்லவேளை, பின்னால் ஒரு குண்டு மனிதர் வழியை அடைத்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் மேலே போனாள்.

மற்றதெல்லாம் அவளே பிறகு சொன்னது. பிளேன் கிளம்பியதும் எழுந்து, ஓரமாக நிறுத்து, இறங்கிக்கொள்கிறேன் என்றாளாம். அங்கிருந்த பெண் அவளை உட்காரவைத்து வாரை இழுத்துக் கட்டி, கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்தாளாம். அக்கா கோயமுத்தூர் பீளமேட்டில் பிளேன் இறங்கும் வரைக்கும் ஒப்பாரி வைத்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த சூட்டுக் கோட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டே வந்தாராம். பாவம்.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது சாலம்மாளுக்கு வலி எடுத்திருந்தது. தாயைப் பார்த்ததும் அவள் அழுவாள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அழவில்லை, திட்ட ஆரம்பித்தாள். போன தடவை எங்கே போனாய் என்று தொடங்கி, இங்கே எழுதக்கூடாத வார்த்தைகள் வரைக்கும் திட்டினாள். நர்ஸம்மாவுக்கே பொறுக்கவில்லை. அக்காவை வெளியே போய் இருக்கச் சொன்னார்.

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

"எம்மவ இன்னும் திட்டி முடிக்கலங்க. நான் போவமாட்டேன்."