கற்பூரத்தை நம்பி வாங்கிய வண்டி

என் வீட்டுக்காரர் லோகேஸ்வரனைப் பற்றி எங்கள் ஊர் லாயாங் லாயாங்கில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். வாயில்லாப் பூச்சி, குடிக்க மாட்டார், தெப்ராவில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ரிப்பேர் பார்க்கிறார், காலையில் கம்பெனி வேனில் போனால் சாயங்காலம் அதே வேனில் வந்து இறங்குவார் என்பார்கள். எல்லாம் சரி. கூட வாழ்கிற எனக்குத்தானே தெரியும், அந்த மனுஷன் பாதி நேரம் வீட்டில் இருப்பதே இல்லை என்று. குழம்பில் உப்பில்லாவிட்டாலும் தெரியாது. கண் திறந்திருக்கும், ஆள் எங்கேயோ ஒரு சாலையில் போய்க்கொண்டிருப்பார்.

அந்தச் சாலை எங்கள் கல்யாணத்தன்றே தொடங்கிவிட்டது. தாலி கட்டி என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப் போகும்போது, பூ சுற்றிய கார் ரெங்கம் தாண்டியதும் புகை கக்கி நின்றுவிட்டது. அந்த வழியாக வந்த செம்பனைக் குலை லோரியைக் கைகாட்டி நிறுத்தி, பட்டுப்புடவையோடு அதில் ஏறித்தான் நான் புகுந்த வீட்டுக்கு வந்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"ஒரு நாளு பாரு வாசுகி, நானே கட்டுன காடியில உன்னைய மெயின் ரோட்டுல கூட்டிட்டுப் போறேன்" என்றார். சொந்தக் கையால் கார் கட்டுவாராம், புது மாப்பிள்ளை ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். விட்டது என் தப்பு.

பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில் வேலைக்குப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலோவுக்குப் போய்விட்டு லோரியோடு திரும்பி வந்தார். லோரியில் ஒரு காரின் எலும்புக்கூடு கிடந்தது. சேசி என்றார். வெளிநாட்டில் காரைத் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்பார்களாம், வாங்குகிறவன் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாமாம். அப்படி யாரோ ஒரு தோட்டத்து மானேஜர் ஆசையாக வரவழைத்து, பூட்டாமலேயே ஊரைவிட்டுப் போய்விட்டாராம். அது பழைய இரும்பு வியாபாரி மனோகரனின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"கிராண்டு எங்க?" என்று கேட்டேன். வண்டி யாருடையது, எங்கிருந்து வந்தது என்று சொல்கிற பத்திரம் அதுதான். ஓட்டை மோட்டார் சைக்கிளுக்கும் அது உண்டு.

"மனோகரன் சத்தியம் பண்ணிட்டாரு. முனீஸ்வரர் முன்னால, கையில கற்பூரம் ஏத்தி, களவு சாமான் இல்லன்னு."

தலையில் அடித்துக்கொண்டேன். கேட்க வேண்டியது கிராண்டு, இவர் கேட்டு வாங்கி வந்தது கற்பூரம். உலகத்தில் வேறு எவனாவது இப்படி ஒரு வண்டி வாங்குவானா? மனோகரனும் பாவம், பொய் சொல்லவில்லை. அது களவு சாமான் இல்லை. பேப்பரும் இல்லை, அவ்வளவுதான்.

"கட்டி முடிச்சுக் கொண்டுபோய்க் காட்டுனா நம்பர் குடுத்துருவாங்க" என்றார். சாமி முன்னால் சொன்ன சொல்லை அரசாங்கமும் ஏற்றுக்கொள்ளும் என்று அந்த மனுஷன் நிஜமாகவே நம்பினார்.

வேலை முடிந்து வந்து குளித்ததும் போர்ச்சுக்குப் போய்விடுவார். பழைய சாகா காரின் இன்ஜின் ஒன்று வந்தது. நாலு சக்கரத்துக்கும் நல்ல பிரேக் வைத்தார். உடம்பு இல்லாத அந்த எலும்புக்கூட்டில் முன்பக்கம் இரண்டு சீட்டைப் பூட்டி, பரிசோதனையில் கேட்பார்கள் என்று இரண்டுக்கும் பெல்ட்டும் வைத்தார். கதவு இல்லாத வண்டிக்கு பெல்ட்டா என்று நான் சிரிக்கவும், பெல்ட் போடாவிட்டால் போலீஸ் சமான் எழுதி அபராதம் போடும் என்று கோபித்துக்கொண்டார்.

சீட்டு வந்த பிறகுதான் எனக்கும் பைத்தியம் தொற்றியது. தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தால், "உக்காரேன்" என்பார். உட்கார்ந்தால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டத் தொடங்கிவிடுவார். இன்ஜின் ஓடாது, சக்கரம் சுற்றாது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் செம்பனை மரங்களுக்கு மேலே வெயில் இறங்கிக்கொண்டிருக்கும்.

"குளுவாங் தாண்டியாச்சு."

"மெதுவா போங்க."

"மழை வருது. மூடி இல்லாத காடி, நனைஞ்சிருவ."

"பரவால்ல."

நிஜமாகவே கைமேல் ஈரம் பட்டதுபோல இருக்கும். வளைவில் அவர் ஸ்டீரிங்கை ஒடித்தால் நானும் கூடவே சாய்வேன். மெர்சிங் கடற்கரை நெருங்கிவிடும். உப்புக்காற்று வரும். எங்கள் வீட்டுப் போர்ச்சில் கடல் வாசனை எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், வந்தது. பக்கத்து வீட்டு ஷப்னம் துணி எடுக்க வெளியே வந்து, நகராத வண்டியில் நாங்கள் காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விடுவாள்.

பிறகு ஒரு நாள் படமெல்லாம் எடுத்துக்கொண்டு சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் நல்லவள். படங்களை ஆசையாகப் பார்த்தாள், அழகாயிருக்கிறது என்றாள். சேசி எங்கே வாங்கியது, சுங்கம் கட்டிய பேப்பர் எங்கே, முதலில் யார் பெயரில் வந்தது என்று கேட்டாள். இவர் கற்பூரத்தைப் பற்றி அவளுக்கு மலாயில் விளக்கத் தொடங்கினார். நான் காலை மிதித்தும் நிறுத்தவில்லை. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "தாக் போலே, பாக்சே" என்றாள். முடியாது மாமா என்பதை அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பேப்பர் இல்லாத சேசிக்கு நம்பர் கிடையாது, நம்பர் இல்லாமல் ரோட்டில் ஏற்றினால் பறிமுதல் செய்துவிடுவார்கள், எப்போது வந்தாலும் இதுதான் பதில்.

அன்றையிலிருந்து அவர் போர்ச்சுக்குப் போகவில்லை. வண்டிமேல் தார்ப்பாயைப் போட்டுவிட்டார். தேத்தண்ணியை உள்ளேயே குடித்தார். குழம்பில் உப்பில்லை என்று சரியாகச் சொன்னார். எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கேயோ போய்க்கொண்டிருந்த மனுஷன் இப்படி வீட்டிலேயே வந்து உட்கார்ந்துவிட்டதில் எனக்கு அழுகையாக வந்தது.

ஆடி மாதம் நெருங்கியது. கோயில் தலைவர் வீரமுத்து வீட்டுக்கு வந்தார். எங்கள் மாரியம்மன் ரதம் ஒரு பழைய டிராக்டர் டிரெய்லர்மேல் கட்டியது. போன வருஷம் கோயில் முன்னால் உள்ள இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், கயிறு இழுத்தவர்கள் எல்லாம் சிதறி ஓடினார்கள். தலைவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி லோகா, நாலு சக்கரத்துக்கும் பிரேக்கு வச்சிருக்கியாமே. அம்மாளுக்குக் குடேன். ரதத்துக்கு நம்பரும் வேணாம், கிராண்டும் வேணாம். ஆளுங்க கயிறு புடிச்சு இழுக்கிறதுதானே."

"அது காடி அண்ணே. ரதம் இல்ல" என்றேன் நான். இன்ஜினைக் கழற்றி மேலே மண்டபம் கட்டிவிட்டால் அது இனி எப்போதும் காராக ஆகாது. தலைவர் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார்.

"யாருக்கும் அடி படக்கூடாது" என்றார் இவர் கடைசியில். "எடுத்துக்குங்க. முன்னால இருக்குற ரெண்டு சீட்டை மட்டும் கழட்டக்கூடாது."

"ஸ்டீரிங்கு புடிக்க ஒரு ஆளு போதுமே, ரெண்டாவது எதுக்கு?"

"அது இருக்கட்டும்ண்ணே."

திருவிழாவன்று சாயங்காலம் போலீஸ் மெயின் ரோட்டை அடைத்தது. விளக்கும் பூவுமாக ரதம் வந்தது. அம்மனுக்குக் கீழே, மாவிலைத் தோரணத்துக்குப் பின்னால், என் வீட்டுக்காரர் ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சீட்டு காலி. கோயில் செயற்குழு ஆள் ஒருவர் ஏறப் போனபோது இவர் கையை நீட்டி மறித்ததை நான் பார்த்தேன். வெறுங்காலோடு பெண்கள் கூட்டத்தில் பின்னால் நடந்தேன். வீட்டுக்கு வீடு மஞ்சள் தண்ணீர் ஊற்றிய ரோடு கால்களுக்குக் கீழே குளுகுளுவென்று இருந்தது. அந்தச் சேசியின் ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும். அது மெயின் ரோட்டில் போகிறது, நான் அதில் இல்லை. அம்மாளிடமே கோபம் வந்தது, மறைக்க மாட்டேன்.

ஊர் சுற்றி வந்து அம்மனைக் கோயிலுக்குள் இறக்கினார்கள். எல்லோரும் தீபாராதனைக்கு உள்ளே ஓடினார்கள். ரதக் கொட்டகை இறக்கத்தின் அடியில் இருக்கிறது. காலி ரதத்தைத் தள்ளவே வேண்டாம், பிரேக்கை விட்டால் தானாகப் போய்ச் சேரும். போலீஸ்காரர் இன்னும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் ஒரு செம்பனைக் குலை லோரி காத்துக்கொண்டிருந்தது.

"வாசுகி" என்றார் அவர். "ஏறு."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். கால் ஈரம், மஞ்சள். பிரேக்கை விட்டார். சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்தது. தோரணம் படபடத்தது. முகத்தில் காற்று பட்டது, இந்த முறை நானாக நினைத்துக்கொண்ட காற்று இல்லை. போலீஸ்காரர் லோரியைப் பார்த்துக் கையை உயர்த்தி, எங்களுக்கு வழிவிட்டார்.

அவர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"பெல்ட்டு போட்டுக்க. சமான் குடுத்துருவாங்க."

போட்டுக்கொண்டேன்.