உள்ளூர் விலகல்

என் தங்கை சுசீலாவின் வீட்டுக்காரர் தனசேகரன் ஏசி பழுதுபார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். ஊருக்கெல்லாம் குளிர் கொடுத்துச் சம்பாதிக்கிற மனுஷன், டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், குளிர் எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். சிங்கப்பூரில் குளிர்! கேட்டால் சிரிப்பீர்கள். நான் சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டேன்.

இந்த ஊரில் குளிர்காலம் என்பது, தென்சீனக் கடலிலிருந்து காற்று பலமாகக் கிளம்பி வந்து இரண்டு மூன்று நாள் விடாமல் மழையைக் கொட்டிவிட்டுப் போவது. மிஞ்சிப் போனால் இருபத்திரண்டு டிகிரிக்கு இறங்கும். அதற்கு 'சர்ஜ்' என்று பேர் சொல்லி, தேர் வருகிற மாதிரி காத்துக் கிடப்பதற்கென்றே மாப்பிள்ளை ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார். பேர் 'குளிர் வேட்டை'. வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தெம்பனிஸில் ஆபீஸ் வேலை பார்க்கும் இளமாறன், கேலாங்கில் டியூஷன் எடுக்கும் சேவியர், எல்லாம் படித்ததுகள்தான். கடல்மேல் சிவப்பும் ஊதாவுமாகக் காற்று சுழலும் படத்தைப் போட்டு, 'வா ராசா வா' என்று எழுதுவார்கள். சுசீலாவையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார், புருஷன் போடுகிற படத்துக்கெல்லாம் கட்டைவிரல் காட்டுவதற்கு.

சுவா சூ காங் வீட்டில் தாழ்வாரக் கம்பியில் மழை அளக்கிற குழாய். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வெப்பமானி. ஒரு தடவை இருபத்து மூன்று காட்டியதும் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் மாட்டிக்கொண்டு கோப்பி வாங்கப் போனார். கடைக்காரச் சீன அங்கிள் பதறிப்போய், "அண்ணே, யூ சிக் ஆ?" என்று கேட்டாராம். அதையும் பெருமையாகக் குழுவில் போட்டுக்கொண்டார். வெளங்கிடும்.

குடி கிடையாது, சூது கிடையாது. அதனால்தான் சுசீலா இத்தனை காலம் பொறுத்துப் போனாள்.

அவளுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, கோலம். அவர்கள் வட்டாரப் பொங்கல் விழாவில் வருஷா வருஷம் யாரோ போட்ட கோட்டுக்குள் கலர் நிரப்பிக்கொண்டிருந்தவள். இந்த வருஷம் மகளிர் குழுத் தலைவி பாக்கியலட்சுமி அக்கா, "சுசீலா, நீயே போடு, உன் டிசைன்தான்" என்று சொல்லிவிட்டார். சமையலறைத் தரையில் பழைய பேப்பரை விரித்து, மாதக்கணக்கில் போட்டுப் பார்த்தாள். பெரிய சிக்குக் கோலம், எடுத்த கோடு எங்கேயும் அறுபடாமல் சுற்றிவந்து தொடங்கின இடத்திலேயே சேரும். பஃபலோ ரோட்டில் என் பூசை சாமான் கடைக்கு மாவு வாங்க வந்தபோது, "என் கோலம்ணே" என்றாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக்கொண்டு ஓடிவந்த அன்றைக்கு அவள் முகத்தை அப்படிப் பார்த்தது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் போட்டால் நனையாது, ஆனால் நடுவில் தூண்கள் வரும், கோலத்தை வெட்ட வேண்டும். வெளித் திடலில் போட்டால் முழுசாகப் போடலாம், மழை வந்தால் போச்சு. பொங்கலன்று நான் சாப்பிடப் போயிருந்தேன். சுசீலா கரண்டியும் கையுமாக வந்து புருஷனிடம் கேட்டாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை மழை வருமா? அக்காவுக்கு இன்னிக்கே சொல்லணும்."

அவர் கைப்பேசியை எடுத்தார். சென்னையில் இவரைப் போலவே ஒரு வானிலைப் பைத்தியம் அனுப்பிய குரல் செய்தியைச் சத்தமாக வைத்தார். 'வடகிழக்குப் பருவமழை முற்றிலும் விலகியது' என்று அது சொன்னது.

"கேட்டியா? விலகிடுச்சு. தைரியமா வெளிய போடு."

"அது சென்னைக்குச் சொல்றதில்ல மாப்ளே?" என்றேன்.

"மச்சான், வடகிழக்குப் பருவமழைன்னா வடகிழக்குப் பருவமழைதான் லா. அதுல உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? நீங்க ஊதுபத்தி வியாபாரத்தைப் பாருங்க."

பேர்தான் ஒன்று. அங்கே பெய்கிற வடகிழக்குப் பருவமழை பொங்கலோடு மூட்டை கட்டிவிடும். இங்கே பெய்கிறது அதற்கப்புறமும் மாதக்கணக்கில் இழுக்கும். சுசீலாவின் கைப்பேசி ஞாயிற்றுக்கிழமைக்கு இடிப் படம் காட்டியது. இந்த ஊரில் அது என்றைக்குத்தான் காட்டவில்லை? புருஷனை நம்பினாள், பாவி.

ஞாயிறு விடியும்போதே திடலில் பெண்கள் கூடிவிட்டார்கள். சுசீலா புள்ளி வைத்துக் கோடு இழுக்க, பாக்கியலட்சுமி அக்கா உட்பட மற்றவர்கள் கலர் நிரப்பினார்கள். விருந்தினர் வருவதற்கு முன்னமே கோலம் முடிந்துவிட்டது. மேல் மாடிகளிலிருந்து சீனர், மலாய்க்காரர் எல்லாம் எட்டிப் பார்த்துப் படம் எடுத்தார்கள். என் தங்கை இடுப்பில் கை வைத்து நின்று அதைப் பார்த்தாள். எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்புறம் காற்று அடித்தது. கித்தானைத் தேடி ஓடினார்கள், கொண்டுவருவதற்குள் மழை இறங்கிவிட்டது. தூறல் இல்லை, அண்டாவைக் கவிழ்த்த மாதிரி. சிவப்பும் பச்சையும் ஒன்றாகக் குழம்பி லோங்காங் சாக்கடையில் போய் விழுந்தது. எல்லோரும் கீழ்த்தளத்துக்கு ஓடினார்கள். சுசீலா மட்டும் நகரவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த நேரம் பார்த்து வந்தது வேட்டைக் கூட்டம். இளமாறன் கையில் வெப்பமானி, சேவியர் கையில் பெரிய குடை, நடுவில் நம் மாப்பிள்ளை ஸ்வெட்டரில். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர்கள் பட்டப்பகலில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"இருபத்திரண்டு!" என்று கத்தினான் இளமாறன்.

சேவியர் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னான்: "அண்ணன் கில்லாடி சார்! நேத்து மத்தியானமே குரூப்ல சொல்லிட்டாரு, காலைல செம அடி இருக்குன்னு. அப்படியே வந்துருச்சு பாருங்க."

கோல வேலையில் மூழ்கி, நேற்றிலிருந்து குழுப் பக்கமே போகாத சுசீலா தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பினாள்.

"நேத்தே தெரியுமா?"

மாப்பிள்ளை குல்லாவைக் கழற்றினார். "இல்ல சுசி... வராதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். எப்படி மாத்திச் சொல்றது? திசை மாறிடும்னு பார்த்தேன்..."

"குரூப்ல சொன்னீங்க."

"அது... குரூப்."

தூ! துப்ப வேண்டும் போல இருந்தது எனக்கு. பக்கத்துத் தலையணையில் படுத்திருக்கிறவளிடம் 'நான் சொன்னது தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்ல வெட்கம். முகம் தெரியாத ஆளுக்கெல்லாம் 'வா ராசா வா'. இதெல்லாம் ஒரு ஆம்பிளை!

சுசீலா மாவு ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்தாள், கைப்பேசியை எடுத்து எதையோ தட்டினாள். இளமாறன் தன் கைப்பேசியைப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய் வாசித்தான்.

"அண்ணே... 'சுசீலா விலகினார்'னு வருது."

"நல்லா எழுதி வச்சுக்குங்க மாப்ளே" என்றேன். "இது சென்னை விலகல் இல்ல. உள்ளூர் விலகல்."

சேவியர் குடையை மடக்கினான்.

"அண்ணே, உன் வீட்டுக்குப் போவோம்" என்றாள் சுசீலா. என் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். காலியான கோலமாவுக் கிண்ணத்தை மடியிலேயே வைத்திருந்தாள், பல் கிட்டிக்கொண்டது.

"ஏசிய அணைச்சிடுண்ணே" என்றாள். "குளிருது."