வொல்ஜி குளத்தில் நின்ற பெண்

இதில் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. ஊர், பெயர், நேரம் எதையும் மாற்றவில்லை. படித்துவிட்டு என்னைக் கேவலமாக நினைத்தாலும் பரவாயில்லை.

என் பெயர் ஜெசிந்தா. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. கூட்டேரிப்பட்டு அருணாவும் நானும் காலேஜில் ஒரே பெஞ்ச். கொரியன் சீரியல் பைத்தியம் முதலில் எனக்குத்தான் பிடித்தது. அவளுக்கு அந்த எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். கியோங்ஜு என்ற பழைய தலைநகருக்குப் போனால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்தவளும் நானே.

அந்த ஊரிலேயே மொழி படிக்க இருவருக்கும் இடம் கிடைத்தது. விசாவுக்குச் சொத்துக் காகிதம் கேட்டார்கள். அவள் அப்பாவுக்கு நான்கு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போட்ட நிலம். என் அப்பா அந்தக் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போகிறவர்.

அவள் போனாள். மீனம்பாக்கம் வரை போய்ச் சிரித்துக்கொண்டே கையசைத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

2024 அக்டோபர். ஞாயிறுதோறும் வீடியோ கால் வரும்.

முதல் ஞாயிறு, ராஜாக்களின் சமாதிகள். புல் மூடிய பெரிய பெரிய மேடுகள்.

"நீ சொன்ன மாதிரியே இருக்குதுடி. சின்னச் சின்ன மலை."

தூரத்தில், ஒரு மேட்டின் அடியில், ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். நீளப் பின்னல். நான் கண்டுகொள்ளவில்லை.

இரண்டாவது ஞாயிறு, அந்தக் காலத்தில் நட்சத்திரம் பார்க்கக் கட்டிய கல் கோபுரம். அதே பின்னல். இன்னும் கொஞ்சம் கிட்டே.

"கூட யாரு?" என்றேன்.

"யாருமில்ல. தனியாத்தான் சுத்திக்கினு இருக்கேன்."

மூன்றாவது ஞாயிறு, புல்குக்சா புத்தர் கோயில் படிகள். அவளுக்குப் பத்தடி பின்னால் அந்தப் பெண். கத்திரிப்பூ நிறச் சுடிதார். தோளில் ஊசி குத்திய துப்பட்டா.

நான் குனிந்து பார்த்தேன். அன்று நான் போட்டிருந்ததும் அதே சுடிதார்தான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பயத்தால் இல்லை. அந்தப் படிகளில் நான் ஏறியிருக்க வேண்டும் என்ற எரிச்சலால்.

அக்டோபர் 26, சனிக்கிழமை. மாலை 5.41. கடையில் தனியாக இருந்தேன். கால் வந்தது. அங்கே இரவு 9.11.

வொல்ஜி குளம். பழைய அரண்மனை, விளக்கு வெளிச்சத்தில், அப்படியே தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. என் பட்டியலில் முதல் இடம் அது. நான் வரும்வரை அங்கே மட்டும் போகாதே என்று அவளிடம் கெஞ்சியிருந்தேன். சரி என்றிருந்தாள்.

"போவ மாட்டேன்னு சொன்னியே?"

"நீ எங்கடி வரப்போற? அதான் வந்துட்டேன்."

சிரித்தாள்.

'விழுந்து தொலை' என்று மனதுக்குள் சொன்னேன். சொன்னேன்தான்.

அவள் தோளுக்குப் பின்னால் அந்தப் பின்னல்...

மெல்லத் திரும்பியது.

என் முகம்.

போனின் மூலையில் சின்னக் கட்டம் இருக்குமே, நம்மை நமக்குக் காட்டுவது... அதைப் பார்த்தேன்.

நாற்காலி இருந்தது. சுவரில் காலண்டர் இருந்தது.

நான் இல்லை.

பெரிய திரையில் இரண்டு கைகள் எழுந்தன...

கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

தொளக்...

5.46. கால் அறுந்தது.

"எங்கடி போயிருந்த?"

வாசலில் கடைக்காரர் பிரபாவதி அக்கா.

"இங்கதான்க்கா இருந்தேன்."

"அஞ்சு நிமிஷமா நிக்கறேன். கடைய தொறந்து போட்டுட்டு ஆளே இல்ல. இப்ப பாத்தா ஒக்காந்துக்கினு இருக்க."

அருணாவைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டார்கள். கல்லில் தலை அடிபட்டு மூன்று நாள் நினைவில்லை. பிழைத்தாள். படிப்பை விட்டுவிட்டு ஜனவரியில் ஊர் திரும்பினாள்.

பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள். வெகு நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"நீ அங்க வந்தியா?"

"எனக்குத்தான் விசாவே கெடைக்கலியே."

"நெனவில்லாதப்ப பக்கத்துலயே ஒரு பொண்ணு ஒக்காந்திருந்துதாம். யாருன்னு நர்ஸ் கேட்டாங்க. எனக்குத் தெரியலன்னேன்."

அந்த நர்ஸ் அனுப்பிய படத்தைப் போனில் காட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் எழுதும் நோட்டின் ஒரு பக்கம். நடுவில் கொரியன் எழுத்தில் ஜெசிந்தா. என் கையெழுத்து. தேதி, அக்டோபர் 26.

வந்த நேரம் எழுதியிருந்தது.

போன நேரம் எழுதும் இடம் காலியாக இருந்தது.